ரூன் எழுத்தை வைத்து என்னென்ன விளையாடலாம்? குச்சி, தாடி, தட்டு… வாங்க, சேர்ந்து யோசிப்போம்

#1 மழைநகர்

எல்லாருக்கும் வணக்கம். நான் நோர்வேயில பேர்கன் நகரத்தில இருக்கிறன். சனிக்கிழமையளில இங்கத்தைப் பிள்ளையளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கிறன். வகுப்பில பன்ரண்டு பேர். போன கிழமை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பிரிக்கன் அருங்காட்சியகத்துக்குப் போனன். அங்க பாத்த ஒரு விசயம் இன்னும் மனசை விட்டுப் போகேல்லை.

பிரிக்கன் எண்டது துறைமுகத்தோட ஒட்டின பழைய மரக்கட்டட வரிசை. 1955 ஜூலை 4ஆம் திகதி அதில ஒரு பகுதி எரிஞ்சு போச்சு. எரிஞ்ச நிலத்தைக் கிண்டேக்க மண்ணுக்குள்ள இருந்து ரூன் எண்ட வட ஐரோப்பாவின்ர பழைய எழுத்து வெட்டின குச்சியள், எலும்புத் துண்டுகள் எல்லாம் வரத் தொடங்கிச்சுது. இப்ப கணக்கு ஏறத்தாழ 670. பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. அதுவரைக்கும் ரூன் எண்டால் இறந்தவைக்கு நடுகல் வைக்கிற எழுத்து எண்டுதான் கனபேர் நினைச்சிருந்தவை. இந்தக் குச்சியளில இருக்கிறதோ சரக்கு மூட்டைக்கு ஆர் சொந்தக்காரர் எண்ட துண்டுச்சீட்டு, கடன் கணக்கு, செபம், காதல். ஒண்டில "என்ர அன்பே, எனக்கு ஒரு கொஞ்சு தா" எண்டு கிடக்கு.

பிள்ளையளைப் பிடிச்சு நிப்பாட்டினது ஒரு சின்னக் குச்சி. அதில இருக்கிற செய்தி இவ்வளவுதான்: "கீதா சொல்லுறா, நீ வீட்ட போகட்டாம்." அந்தப் பெண்ணின்ர பேரை எங்கட ஆக்களுக்கு விளங்கச் சொல்லப்போனால் "கீதா"வுக்குக் கிட்டத்தான் வரும். முதல் உயிர் ஈக்கும் ஊவுக்கும் நடுவில, பிறகு வாற மெய் எங்கட "அது"வில வாற த மாதிரி. "எங்கட கீதா அக்காவா?" எண்டு ஒரு பிள்ளை கேட்டுது. எல்லாரும் அந்தக் கண்ணாடியோட ஒட்டிக்கொண்டு நிண்டவை.

வீட்ட வந்ததில இருந்து எனக்கு ஒரே யோசனை. இந்த எழுத்தை வைச்சுப் பிள்ளையளோட என்ன விளையாடலாம்? பழைய ஆக்களே இதை வைச்சு விளையாடினவை எண்டு அங்க எழுதிக் கிடந்தது. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ.

#2 ஹாஸ்டல்பையன்

அண்ணா, செம டாபிக். எனக்குத் தெரிஞ்ச ரூன் ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அது எல்லார் போன்லயும் இருக்கு. புளூடூத் சின்னம். ஹாரால்டுன்னு ஒரு டென்மார்க் ராஜா, பட்டப்பேரு நீலப்பல். அவரோட பேர்ல வர ஹ, ப ரெண்டு ரூனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வரைஞ்சதுதான் அந்தச் சின்னம். ரெண்டு எழுத்தைக் கட்டி ஒரே முத்திரை ஆக்குறது ரூன்ல பழைய வழக்கமாம். பசங்க அவங்கவங்க பேர்ல ரெண்டு எழுத்தை எடுத்து இப்படிக் கட்டலாம். முதல் விளையாட்டு நம்மளோடது!

ஒரு டவுட்டு. ரூன்னு தேடினாலே ஜோசியம்தான் வருது. பையில கல்லப் போட்டு எடுக்குறது, எழுத்தே இல்லாத கல்லு வந்தா விதின்னு சொல்றது. அதுவும் பழசா?

#3 சுவடிப்பிரியன்

தம்பி, எழுத்தில்லாத அந்தக் கல் 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நூலோடு சேர்ந்து வந்தது. பழைய சான்று எதிலும் அது கிடையாது. பழையது என்று சொல்லத்தக்கது தாசித்துசு என்ற ரோமானியர் கி.பி. 98இல் எழுதிய குறிப்பு ஒன்றுதான். செருமானிய மக்கள் பழமரத்துக் கிளையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் இட்டு, வெள்ளைத் துணியில் சிதறவிட்டு மூன்றை எடுத்துப் பார்த்தார்கள் என்கிறார். அடையாளம் என்றுதான் சொல்கிறார், எழுத்து என்று சொல்லவில்லை. டென்மார்க்கில் வீமோசே சதுப்பில் கிடைத்த, ரூன் வெட்டிய சீப்பின் காலம் ஏறத்தாழ கி.பி. 160.

விளையாட்டுக்கோ சான்று குவிந்து கிடக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவில் மேஸ்ஹவ் என்ற கற்காலக் கல்லறை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அதற்குள் புகுந்த நோர்ஸ்காரர்கள் (பழைய ஸ்காண்டிநேவியர்) சுவரெல்லாம் கிறுக்கியிருக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வரிகள். ஒருவன் "பெண்களிலேயே அழகி இங்கிகெர்த்" என்று வெட்டினான். ஒருவன் "மேற்குக் கடலில் ரூன் வித்தையில் மிகத் தேர்ந்தவன் வெட்டியது இது" என்று பெருமையடித்துக்கொண்டான். இன்னொருவன் "தோல்ஃபிர் கோல்பெய்ன்சன் இந்த ரூன்களை உயரத்தில் வெட்டினான்" என்று எழுதினான். ஆள் எட்டாத உயரத்தில் இருப்பது மட்டுமே அந்த வரியின் சிறப்பு. யார் மேலே எழுதுவது என்று அவர்களுக்குள் போட்டி நடந்திருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அந்தத் தேர்ந்தவன் தன் பெருமையின் ஒரு பகுதியை மறைகுறியீட்டில் எழுதினான். கிளை ரூன் என்று பெயர். அதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

#4 கணக்குடீச்சர்

ஐயா என்னைத்தான் கூப்பிடறாருன்னு எடுத்துக்கறேன். எட்டாம் வகுப்புக்கு இதை நான் நடத்தியே இருக்கேன். அணி, நிரல், நிரைன்னு ஆரம்பிக்கறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைச்சதில்லைங்க.

ஆதியில 24 ரூன். எட்டாம் நூற்றாண்டு வாக்கில ஸ்காண்டிநேவியாவில அது 16 ஆகக் குறைஞ்சுது. வரிசை மாறாது. அந்தப் பதினாறையும் மூணு குடும்பமாப் பிரிப்பாங்க. மறைச்சு எழுதறப்போ குடும்பத்தைக் கடைசியில இருந்து எண்ணறதுதான் தந்திரம்.

1ஆம் குடும்பம்: ட, ப, ம, ல, ற
2ஆம் குடும்பம்: ஹ, ந, இ, அ, ஸ
3ஆம் குடும்பம்: ஃப, உ, த, (மூக்கால் சொல்லும்) ஆ, ர, க

ஒரு எழுத்துக்கு ரெண்டு எண். எந்தக் குடும்பம், அதில எத்தனையாவது. ம-ன்னா 1/3. க-ன்னா 3/6. இவ்வளவுதான் பூட்டும் சாவியும்.

இனிமேல்தான் அவங்க கற்பனை. ஒரு நேர்கோடு போட்டு இடப்பக்கம் குடும்ப எண்ணுக்கு அத்தனை கிளை, வலப்பக்கம் இட எண்ணுக்கு அத்தனை கிளைன்னா அது கிளை ரூன். பாக்கறதுக்கு வேப்பங்கொழுந்து மாதிரி இருக்கும். பேர்கன் குச்சி ஒண்ணில கிளைக்குப் பதிலா மனுச முகத்தை வரிசையா வரைஞ்சிருக்காங்க. தாடியில இடப்பக்கம் எத்தனை மயிர், வலப்பக்கம் எத்தனை மயிர்னு எண்ணிப் படிக்கணும்! சுவீடன்ல ரோட்புருன்னா கல்லுல எய்ரிக்னு ஒருத்தர் தன் பேரை இப்படித்தான் வெட்டியிருக்கார். குட்டைக் கோடு, நெட்டைக் கோடு, வேற ஒண்ணுமே இல்லை. எண்ணினா 2/4, 2/3, 3/5, 2/3, 3/6, 3/5. அ-இ-ர-இ-க-ர.

ஒன்பதாம் நூற்றாண்டு லத்தீன் சுவடி ஒண்ணில தட்டு ரூன்னே ஒரு வகை சொல்லியிருக்காங்க. எழுத வேண்டாம், கையால தட்டினாப் போதும். நான் வகுப்பில இதைத்தான் முதல்ல வெச்சேன். கடைசி பெஞ்சுல ஒரு பையன், வாயே திறக்கமாட்டான். மூணு தட்டு, இடைவெளி, ஆறு தட்டுன்னு டெஸ்க்ல தட்ட ஆரம்பிச்சான். வகுப்பே மூச்சடக்கி எண்ணுச்சு. அவன் தட்டினது அவனோட நாய்க்குட்டி பேரு. அன்னைக்கு அவனுக்கு வந்த கைதட்டலை நான் மறக்கமாட்டேன்.

#5 மழைநகர்

டீச்சர், உங்களுக்குக் கோடி நன்றி. தாடி முகம் வரையிறதில எங்கட வகுப்பு இண்டைக்கு ஒரு மணித்தியாலம் போச்சுது. 3/6 வாற இடத்தில தாடி பெருத்துப் போகுது எண்டு ஒராள் முறைப்பாடு.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய புதினம் ஒண்டு அகப்பட்டிருக்கு. கொஞ்சம் விரிச்சுச் சொல்ல விடுங்கோ.

24 எழுத்து 16 ஆகேக்க எதைக் கைவிட்டவை? ககரத்துக்கு ஒரே எழுத்து. அழுத்திச் சொன்னாலும் மென்மையாச் சொன்னாலும் அதுதான். டகரமும் அப்பிடி, பகரமும் அப்பிடி. எங்கட தமிழ் எப்பிடியோ அப்பிடியே! "காகம்" எண்டதில ரெண்டு க வேற வேற சத்தம், எழுத்து ஒண்டு. இங்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு இது சரியான கரைச்சல். எங்கட பிள்ளையள் ஒரு கேள்வியும் கேக்காமல் கடந்து போச்சினம்.

அதோட இன்னும் மூண்டு பழக்கம் அவையிட்ட இருந்தது. ஒண்டு, ஓ, ஒ, ஊ, உ எல்லாத்துக்கும் ஒரே உ. எ, ஏ, இ, ஈ எல்லாத்துக்கும் ஒரே இ. ரெண்டாவது, ஒரே மெய் இரட்டிச்சால் ஒண்டைத்தான் வெட்டுவினம். மூண்டாவது, மெய்க்கு முன்னால வாற மூக்கொலியைக் கனதரம் விட்டிடுவினம். தம்பி சொன்ன அதே நீலப்பல் ராசா டென்மார்க்கில யெல்லிங் எண்ட ஊரில 10ஆம் நூற்றாண்டில ஒரு பெரிய கல்லு நாட்டினவர். அதில அரசன் எண்டதுக்கு உள்ள "கொனுங்க்" எண்ட சொல்லை "குனுக்" எண்டுதான் வெட்டிக் கிடக்கு. நினைவுக்கல்லுக்கு உள்ள "கும்பல்" எண்டது "குபல்" ஆகிக் கிடக்கு.

இப்ப இதே விதியளைத் தமிழுக்குப் போட்டுப் பாருங்கோ. பலகையில நாலு ரூன் எழுதினன்: க, உ, ட, உ. 3/6, 3/2, 1/1, 3/2. இது என்ன சொல்லு எண்டு கேட்டன்.

"கூடு" எண்டுது ஒண்டு. "கொடு!" "கோடு!" பிறகு இரட்டிப்பு ஞாபகம் வந்த உடன "குட்டு", "கொட்டு", "கூட்டு". கொஞ்ச நேரம் சத்தமில்லை. அதுக்குப் பிறகு எங்கட சின்ன ஆள், எட்டு வயசு, மூக்கொலியைக் கண்டுபிடிச்சிட்டா. "குண்டு! கூண்டு! கொண்டு!" நாலு எழுத்துக்குள்ள ஒன்பது சொல்லு. வகுப்பு முடிஞ்சும் ஒருத்தரும் எழும்பேல்லை. ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, ஒரு கட்சி ரூன் எழுத, மற்றக் கட்சி எத்தினை தமிழ்ச் சொல்லு எடுக்கிறது எண்டு புள்ளி வைச்சு விளையாடினவை. வீட்டில நோர்வேஜியன் மட்டும் கதைக்கிற பிள்ளையள் "கூண்டு" எண்ட சொல்லைத் தேடிப் பிடிச்சுக் கத்தினதை நான் என்னெண்டு சொல்ல!

#6 ஹாஸ்டல்பையன்

அண்ணா, புல்லரிக்குது. ஒரு சண்டை போடலாமா? நீங்க "பட்டு"வுக்கு ட போடுவீங்க, ஓகே. "பத்து"வுக்கு? டீச்சர் லிஸ்ட்ல 3ஆம் குடும்பத்துல த தனியா இருக்கே. அப்ப "பத்து, பந்து" ஒரு பக்கம், "பட்டு, பாட்டு" இன்னொரு பக்கம்னு பிரிஞ்சுடும். ரெண்டுக்கும் ட-வே போடணும்னு ரூல் வெச்சா நாலும் ஒரே இடத்துல வரும், ஆட்டம் இன்னும் சூடாகும். நான் ஒரே எழுத்து கட்சி.

#7 கணக்குடீச்சர்

நான் எதிர்க்கட்சி. அந்தத் த-வோட பேரு தூர்ஸ், அரக்கன்னு அர்த்தம். நாக்கைப் பல்லுல வெச்சு ஊதற சத்தம். நம்ம "அது", "இது"வில வர த-வுக்கு அதைவிட நெருக்கமான ஒலி அவங்ககிட்ட இல்லை. "கீதா"ங்கற பேரையே அந்த எழுத்தாலதான் எழுதுவாங்க. காது சொல்றதைக் கை எழுதணும். விளையாட்டுக்காகக் காதை மூடச் சொல்லாதீங்க தம்பி. ஆனா ல, ள, ழ மூணுக்கும் ஒரே ல-தான் இருக்கு. "பலம், பழம், பள்ளம்"னு எல்லாம் அங்கே வந்து குவியும். உங்க சூட்டுக்கு அது போதும்!

#8 சுவடிப்பிரியன்

டீச்சர் பக்கம்தான் நானும். ஆனால் பேர்கன் நண்பர் சொன்னது எனக்கு வேறொன்றை நினைவூட்டிவிட்டது. முப்பது ஆண்டு ஏட்டுச்சுவடியோடு வாழ்ந்தவன் நான். ஓலையில் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. படிப்பவன் பொருளை வைத்து ஒலியைக் கண்டுபிடித்துக்கொண்டே போக வேண்டும். நான் முதன்முதலில் ஓர் ஏட்டை எடுத்தபோது ஒரு வரிக்கு அரை நாள் ஆனது. அந்த அரை நாள் உங்கள் எட்டு வயதுக் குழந்தைக்கு "கூண்டு" கிடைத்த கணம் போலத்தான் இருந்தது.

ரூனிலும் பிற்பாடு புள்ளி வந்தது. ககரத்துக்குள் ஒரு புள்ளி வைத்தால் மென்மையான ஒலி, இகரத்தில் வைத்தால் எகரம். பேர்கன் காலத்தில் அந்தப் புள்ளி நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் எல்லா இடத்திலும் வைக்கவில்லை. "போ" என்பதற்கான சொல்லை அந்தக் கீதா குச்சியிலேயே "காக்" என்று, முதல் ஒலி மென்மையாக இருந்தும், வல்லொலி எழுத்தாலேயே வெட்டியிருக்கிறார்கள்.

விகடகவி மாதிரி இருபுறமும் ஒன்றாய்ப் படிக்கும் சொற்களைச் சேகரிப்பவர்களுக்கு ஒன்று. சுவீடனின் கோத்லாந்து தீவில் கில்வெர் என்னுமிடத்தில் கிடைத்த, கி.பி. 400 வாக்கில் வெட்டிய கல்லில்தான் 24 ரூனும் வரிசையாக முதன்முதல் கிடைக்கின்றன. அதன் ஓரத்தில் தனியாக ஒரு சொல், "ஸுஎஉஸ்". இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். சம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியவர். அவருடைய மொழியில் வந்த நமக்கு அந்த ஒற்றைச் சொல்லின் ருசி உடனே பிடிபடும்.

#9 உளிச்சத்தம்

எழுத்தெல்லாம் பேசறீங்க, மரத்தை யாரும் பேசலையே. நான் நாகர்கோவில் பக்கம் மரவேலை செய்யறவன்.

ரூனைப் பாத்ததும் எனக்குத் தோணினது, இது கத்தி தெரிஞ்சவன் பண்ணின எழுத்து. நேர்கோடு, சாய்கோடு. படுக்கைக் கோடே கிடையாது. வளைவும் அநேகமா இல்லை. ஏன்னா குச்சியை நீளவாக்குல பிடிச்சா மர ரேகையும் அதே நீளவாக்குலதான் ஓடும். எழுத்தோட தண்டை ரேகைக்குக் குறுக்கே வெட்டினா பளிச்சுனு விழும். சாய்வா வெட்டினாலும் நிக்கும். ரேகையோடவே ஒரு கோடு போட்டீங்கன்னா கத்தி வழுக்கி ஓடிடும், இல்லை மரம் பிளந்துக்கும், இல்லாட்டி ரேகையோட ரேகையாத் தெரியாமலே போயிடும். நம்ம ஓலையில எழுத்தாணியால நேர்கோடு இழுத்தா ஓலை கிழியும், அதனாலதான் நம்ம எழுத்து உருண்டதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அங்கே மரம் சொன்னபடி எழுத்து நிமிந்து நின்னுடுச்சு.

சின்னப் பிள்ளைங்க கையில கத்தி குடுக்காதீங்க. நான் எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு வாழை மட்டையை வெட்டிக் குடுத்தேன். ஒரு முழத் துண்டு, ஒரு ஆணி. நாருக்குக் குறுக்கே கீறினா கோடு நிக்குது, நாரோட கீறினா காணாமப் போகுது. ஏன் படுக்கைக் கோடு இல்லைன்னு நான் வாயே திறக்கலை, அதுங்களே சொல்லிடுச்சு. பத்து நிமிசத்துல கறை ஏறி ஒவ்வொரு கோடும் கருஞ்சிவப்பா எழும்பி வரும். வெள்ளை மட்டையில அது வர்றதை உக்காந்து பாக்கணும். நீங்க குளிர் நாட்டுல இருக்கீங்க, வாழைக்கு எங்கே போறது. ஐஸ்குச்சியில பேனா முனையை அழுத்திப் பாருங்க, அதுலயும் ரேகை உண்டு.

#10 ஹாஸ்டல்பையன்

வாழை மட்டை ஐடியா வேற லெவல் அண்ணா. ஹாஸ்டல் பின்னாடி ஒரு தோப்பே இருக்கு.

எங்க கபடி டீமுக்கு ஜெர்சி அடிக்கணும். டீம் பேரோட சுருக்கம் ரெண்டு ஸ. ஸ ரூன் மின்னல் மாதிரி இருக்கு. ரெண்டு மின்னல் பக்கத்துல பக்கத்துல போட்டா கெத்தா இருக்கும்ல?

#11 மழைநகர்

தம்பி, வேண்டாம். தயவு செய்து அதை அச்சடிக்கக் குடுக்காதேங்கோ.

ரெண்டு மின்னல் பக்கத்துப் பக்கத்தில நிண்டால் அது ஹிட்லரின்ர எஸ்.எஸ். படையின்ர சின்னம். வதைமுகாமுகளை நடத்தின படை. ஜெர்மனியில அதைப் பொது இடத்தில காட்டுறதே குற்றம். நோர்வேயை 1940இல இருந்து 1945 வரைக்கும் ஹிட்லரின்ர ஜெர்மனி பிடிச்சு வைச்சிருந்தது. அந்தக் காலத்தைக் கண்ட ஆக்கள் இன்னும் இங்க உயிரோட இருக்கினம். ட ரூன் அம்பு மாதிரி இருக்கும், அதைத் தனியக் கொடியில போட்டுக்கொண்டு திரியிற நாசிக் கூட்டம் இண்டைக்கும் ஸ்காண்டிநேவியாவில இருக்கு.

எனக்குச் சரியான கவலை இதுதான். ஆயிரம் வருசமாச் சனங்கள் காதல் சொல்லவும், கணக்கெழுதவும், பகிடி விடவும் வைச்சிருந்த எழுத்தை அந்தக் கூட்டம் வெறும் இருபது வருசத்துக்குள்ள ஊத்தையாக்கிப் போட்டுது. பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கேக்க இதையும் நான் சொல்லித்தான் குடுக்கிறன். ஒரு எழுத்தைத் தனியத் தூக்கி நெஞ்சில குத்தாதேங்கோ, சொல்லா எழுதுங்கோ எண்டு. பழைய விதிப்படி பாத்தாலும் ஒரே எழுத்தை ரெண்டுதரம் அடுத்தடுத்து வெட்டுறதில்லை எண்டது ஞாபகம் இருக்கட்டும். டீமின்ர முழுப் பேரையும் கிளை ரூனில போடுங்கோ. எதிர்க்கட்சி எண்ணிக்கொண்டு நிக்கும், நீங்கள் தொட்டிட்டு வந்திடலாம்.

#12 ஹாஸ்டல்பையன்

தெரியாம கேட்டுட்டேன் அண்ணா, சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இப்பவே டிசைன் மாத்திட்டேன். முழுப் பேரும் கிளை ரூன்ல.

#13 கணக்குடீச்சர்

மேலே விட்ட இடத்துக்கு வரேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச மறைகுறியீடு இனிமேல்தான். பேரு யோத்துன்வில்லூர். ரொம்ப காலம் யாராலயும் படிக்க முடியாம இருந்துச்சு. ஓஸ்லோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் யோனாஸ் நூர்ட்பி அதை உடைச்சார். 2014இல இந்தச் செய்தி உலகம் பூரா வந்துச்சு. பேர்கன் குச்சி ஒண்ணில ரெண்டு பேர் தங்க பேரை நேர் எழுத்திலயும் இந்தக் குறியீட்டிலயும் எழுதி வெச்சிருந்ததுதான் அவருக்குச் சாவி.

விதி இதுதாங்க. ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு பேர் உண்டு. ம-வுக்குப் பேரு மாதர், மனிதன்னு அர்த்தம். க-வுக்குக் கௌன். எழுதறப்போ அந்தப் பேரோட கடைசி ஒலியை எழுதணும். ம வர்ற இடத்தில ர். க வர்ற இடத்தில ன். ஆனா ஊர், ஆர், டீர், மாதர், லோகர், ஈர்னு பதினாறில ஆறு பேரு ர்-லதான் முடியுது. அப்ப ர்-ன்னு ஒண்ணு வந்தா ஆறில எது? ரகசியம் அனுப்பறதுக்கு இது உதவவே உதவாது. ரூன் பேரை மனப்பாடம் பண்றதுக்கும் ஒருத்தரை ஒருத்தர் மடக்கறதுக்கும்தான் இது இருந்திருக்கணும்னு நூர்ட்பி சொல்றார். பாடமே விளையாட்டு, விளையாட்டே பாடம்.

இதை அரிச்சுவடிக்குக் கொண்டுவந்தேன். அ அணில், ஆ ஆடு, இ இலை, ஈ ஈட்டி, உ உரல், ஊ ஊஞ்சல், எ எலி, ஏ ஏணி, ஒ ஒட்டகம், ஓ ஓடம். அ வரவேண்டிய இடத்தில ல், இ வரவேண்டிய இடத்தில லை. பாருங்க, அணில், உரல், ஊஞ்சல் மூணும் ல்! ஒட்டகம், ஓடம் ரெண்டும் ம்! அவங்களுக்கு ர் பண்ணின அதே வேலையை நமக்கு ல் பண்ணுது. எட்டாம் வகுப்புப் பசங்க, ஒண்ணாம் வகுப்பில விட்டுட்டு வந்த அரிச்சுவடியை வாய்க்குள்ளேயே ஓட்டி ஓட்டிப் பாத்ததைப் பாக்கறப்போ எனக்கு அவ்வளவு சந்தோசம்.

விடுகதைக்காரங்களுக்கு இன்னொண்ணு. பத்தாம் நூற்றாண்டு ஆங்கிலச் சுவடி ஒண்ணு எக்ஸெட்டர் தேவாலயத்தில இருக்கு. அதில தொண்ணூறுக்கும் மேல விடுகதை. ஒரு பறவை பேசுது. நாய் மாதிரி குரைப்பேன், ஆடு மாதிரி கத்துவேன், வாத்து மாதிரி கூவுவேன்னு சொல்லிட்டு, என் பேரில இந்த ஆறு ரூன் இருக்குன்னு கலைச்சுப் போட்டுக் குடுத்துடும். சேத்தா "ஹிகோரே", மேக்பை வகைப் பறவை. நான் இதையே மைனாவுக்கு மாத்தினேன். "எவன் குரலும் என் குரல், என் குரல் எவனுக்கும் இல்லை", அப்புறம் கலைச்ச எண்கள்: 2/2, 2/4, 1/3, 2/4, 2/3. முக்கால்வாசிப் பேர் எண்ணைப் பாக்காமலே கிளின்னு கத்திட்டாங்க. எண்ணினவங்களுக்குத்தான் மைனா.

#14 மழைநகர்

எல்லாரும் தந்ததையெல்லாம் இந்தச் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு போனன். அரிச்சுவடி ஆட்டம், தாடி, தட்டு, எல்லாம். கடைசியில ஆளுக்கொரு ஐஸ்குச்சி குடுத்து, "கீதா மாதிரி ஒரு வசனம் எழுதுங்கோ" எண்டு சொன்னன்.

எங்கட எட்டு வயசுக்காரி தன்ர குச்சியை ஒருத்தருக்கும் காட்டேல்லை. வகுப்பு முடிஞ்சு வாசலில தாய் குடையோட நிக்கேக்க என்ர கையில தந்திட்டு ஓடீட்டா. கிளை ரூன், ஒவ்வொண்டும் நுணுக்கமா. ஒரு இடத்தில கிளை கூடிப்போய் நகத்தால சுரண்டி அழிச்சிருக்கிறா. எண்ணிப் பாத்து இங்க எழுதுறன், நீங்களே வாசியுங்கோ:

2/4 1/3 2/4
3/6 3/2 1/2 2/3 1/1 3/2 3/5 2/4

#15 உளிச்சத்தம்

அ-ம-அ. அம்மா! ஆமாவா இருக்குமோன்னு ஒரு நிமிசம் பாத்தேன். ரெண்டாவது: க-உ-ப-இ-ட-உ-ர-அ. கூபிடுரா… கூப்பிடுறா! "அம்மா கூப்பிடுறா." கண்ணு கலங்கிருச்சுங்க. அந்தக் குச்சியைப் பத்திரமா வெச்சிருங்க. முடிஞ்சா லேசா ஆளிவிதை எண்ணெய் தடவி வைங்க, கோடு மங்காது.

#16 கணக்குடீச்சர்

அந்தப் பொண்ணுக்கு என் பதிலைச் சொல்லுங்க. வ-வுக்கு அவங்க உ-வைத்தான் போடுவாங்க, ஏ-வுக்கு இ:

3/2 2/4 3/5 2/3 2/2

#17 சுவடிப்பிரியன்

டீச்சர், நீங்கள் எழுதியதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன்.

சுவீடனில் ரோக் என்ற ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 760 ரூன். தலையையும் சேர்த்து ஐந்து பக்கமும் எழுத்து. நீங்கள் எல்லாரும் இங்கே பேசிய வித்தை பலவும் அதில் உண்டு. கிளை போட்டு எழுதிய வரி இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்கு முந்தைய ரூனைப் போட்டு, படிப்பவன் ஒன்று தள்ளிப் படிக்கும்படி வைத்த வரியும் இருக்கிறது. ஒரு தகப்பன், செத்துப்போன தன் மகன் வாமோதுக்காக அதைச் செய்தான். தொடக்கத்திலேயே மறைப்பு ஏதும் இல்லாமல் தன் பெயரை எழுதினான்: உ, அ, ர, இ, ந. வரின். டீச்சர் எழுதிய அதே ஐந்து எழுத்து, அதே வரிசை.

நம் கண்ணுக்கு அது "வரேன்".

#18 மழைநகர்

ஐயா, அந்தக் கல்லின்ர படத்தை எடுத்து வைச்சிட்டன். வாற சனிக்கிழமை பிள்ளையளுக்குக் காட்டி, அந்த ஐந்து எழுத்தை அவையே தேடிப் பிடிக்கட்டும் எண்டு விடப்போறன்.

டீச்சர், உங்கட பதிலை அவவிட்ட குடுத்திட்டன். தாயும் மகளும் வாசலிலயே நிண்டு எண்ணினவை. வாசிச்சு முடிச்சிட்டு அவ ஒரு திருத்தம் சொல்லச் சொன்னவ: "எங்கட வீட்டில நாங்கள் 'வாறன்' எண்டுதான் சொல்லுவம். நாலாவது எழுத்து 2/4."